யாருக்கும் சொந்தமில்லாத சொல்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது; அதைப் பற்றிய பேச்சுதான் குறையவில்லை. அங்கே வீடு பார்த்துவிட்டதாகவும், மாதக் கடைசியில் வந்து உன் மனைவியை அழைத்துப் போவதாகவும் எழுதியிருந்தாய். அந்தப் பேச்சுக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் நீ கேட்ட சொல். 'ஹும்பே' என்று நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தேனாம். அவள் தொலைபேசியில் பொருள் கேட்டாளாம், நீ அகராதி முழுக்கத் தேடினாயாம். நான் கற்றுக்கொடுக்கவில்லை, கண்ணா. அது அவள் மொழி என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவளோ நம் மொழி என்று நினைத்திருக்கிறாள்!

நடந்தது இதுதான். அவள் வந்த புதிதில் நம் பிரேம் கடைக்கு ஆள் உயரக் கண்ணாடி ஒன்று வந்தது. அப்பாவால் தூக்க முடியாது. அவளும் நானும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தோம். அவள் பின்பக்கமாக நடந்தாள். முதுகுக்குப் பின்னால் மேஜை மூலை. பார்த்து வா என்றால் அவளுக்குப் புரியாது. மூச்சைப் பிடித்திருந்த என் வாயிலிருந்து ஏதோ வந்தது. அவள் வாயிலிருந்தும் வந்தது. நின்றோம். யார் முதலில் சொன்னது என்று சத்தியமாகத் தெரியவில்லை. கண்ணாடி உடையவில்லை. அடுத்த கண்ணாடி வந்தபோது அதே சத்தத்தைத் தெரிந்தே சொன்னோம்.

மனிதனுக்குப் பேச்சு எப்படி வந்தது என்று நீ வகுப்பில் நடத்துவதை எழுதியிருந்தாயே, அதை அப்பா உரக்கப் படித்தார். விலங்கும் இடியும் போட்ட சத்தத்தைக் கேட்டு அதைப்போலவே செய்தது என்கிறார்களாம் சிலர். வலியிலும் சந்தோஷத்திலும் தானாக வந்த கூச்சல்தான் என்கிறார்களாம் வேறு சிலர். கையசைப்புதான் முதலில் என்றும், சேர்ந்து பாரம் தூக்கும்போது பிறந்தது என்றும்கூட உண்டாம். எல்லோரும் கூடி உட்கார்ந்து, இதற்கு இந்தப் பெயர் என்று பேசி முடிவு செய்தார்கள் என்ற இடம் வந்ததும் அப்பா நிறுத்திவிட்டார். "கூடி உக்காந்து எந்த மொழியில பேசுனாங்களாம்?" என்று கேட்டுத் தானே சிரித்தார். அறிஞர்களும் அதையே கேட்டிருக்கிறார்கள் என்று உன் அடுத்த வரியில் இருந்தது. அன்று முழுக்க அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

என் ஓட்டு பாரம் தூக்கும் கட்சிக்குத்தான் என்று நினைத்தேன். ஆனால் போன வாரம் மீசைக்காரர் வந்தார். தன் புகைப்படத்துக்கே நான்காவது முறையாகச் சட்டம் மாற்றுகிறாரே, அவர்தான். "என் முகத்துக்கு இது எடுப்பா இல்லையேம்மா" என்றார். அப்படியானால் முகத்தை மாற்றுங்கள் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். உள்ளே அட்டை வெட்டிக்கொண்டிருந்த உன் மனைவி, தலையைத் தூக்காமல், மெல்ல "ஹும்பே" என்றாள்.

அங்கே கண்ணாடியே இல்லை. உடையப் போனது வியாபாரம். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை, அவளாலும்தான். சிரித்த முகமாகக் கவனிக்கிறார்களே என்று மீசைக்காரர் அதே சட்டத்தை எடுத்துக்கொண்டு போனார். அதுவரை அது வெறும் சத்தம். அன்றைக்குத்தான் பேச்சானது என்று எனக்குத் தோன்றுகிறது. சரியா தவறா என்று நீதான் சொல்ல வேண்டும்.

இப்போது பால் பொங்கப் போனாலும் அதுதான், அப்பாவுக்குக் கோபம் ஏறினாலும் அதுதான். மேலுதட்டைத் தடவினால் மீசைக்காரர். முழங்காலைத் தட்டினால் யார் என்று சொல்லத் தேவையில்லை. "மாமியாரும் மருமகளும் சேர்ந்து எனக்கெதிரா கட்சி ஆரம்பிச்சிட்டீங்க" என்று புலம்புகிறார்.

இனி நீ எழுதியது. பேசக்கூட முடியாமல் இரண்டு பேரும் எத்தனை நாள் கஷ்டப்படுவீர்கள் என்று கேட்டிருக்கிறாய். அவள் நன்றாக இருப்பதாகத்தான் சொல்லியிருப்பாள். மரியாதைக்குச் சொல்கிறாள் என்று நீ எடுத்துக்கொண்டாய். புருஷன் பெண்டாட்டி சேர்ந்திருப்பதுதான் சரி. நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் எங்கள் பேச்சில் பாதி கையில் இருக்கிறது, மீதி கண்ணில். அது தொலைபேசியில் போகாது. ஒரு நாள் வெளியே போன இடத்திலிருந்து கடைக்குக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிட்டோம்.

அவள் அங்கே வருவதானால் ஒரு வெட்டுக்கத்தியும் நல்ல அட்டைகளும் கட்டித் தருகிறேன். கை நன்றாகப் பழகியிருக்கிறது, வீணாக்க வேண்டாம். இங்கேயே இருக்கிறேன் என்று அவள் சொன்னால், உனக்கு ஒரு ராத்திரி ரயில் பயணம்தான். எங்கிருந்தாலும் இருவரும் குறையில்லாமல் இருங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். வருகிறாயா, இருக்கிறாயா என்று அவளிடம் நீயே கேள். வெளியே எங்காவது கூட்டிப்போய், நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளும் மொழியில் கேள். என் எதிரில் மட்டும் கேட்காதே. என் முகத்தைப் பார்த்தால் அவளுக்குப் புரிந்துவிடும்.

உன் அம்மா