இரண்டு கைத்தட்டல்

டேய் குள்ளா,

இந்த விடுதி அறையில் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பஸ் வந்ததும் கிளம்பிவிடுவோம். அதற்குள் உன்னிடம் ஒன்று கேட்டாக வேண்டும்.

அணி மாறிப் போய் இரண்டு கோப்பை வாங்கிவிட்டேன். ஆனால் நம் பழைய கூடைப்பந்து அரங்கில் நுழைந்தால், சுவரில் உன் படம் மட்டும் சிரிக்கிறது. பக்கத்தில் என் படம் இருந்த இடத்தில் வெறும் ஆணி. பந்து என் கைக்கு வரும்போதெல்லாம், "ஓடிப்போனவன் வந்துட்டான்டா!" என்று கூச்சல். அதுகூடப் பரவாயில்லை.

இன்றைய ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் எனக்குப் பின்னால் இரண்டு முறை கை தட்டினாயே! ஒரே அணியில் இருந்தபோது, பந்து கேட்க நாம் வைத்திருந்த சைகை. திரும்பிக்கூடப் பார்க்காமல் உன்னிடம் போட்டுவிட்டேன். நீ அதைக் கூடையில் போட்டாய், ஜெயித்துவிட்டீர்கள். அரங்கமே எழுந்து நின்று எனக்குக் கை தட்டியது.

"நீ எந்த டீம்யா?" என்று எங்கள் பயிற்சியாளர் கத்தினார்.

என்னை ஏமாற்றத்தான் தட்டினாயா? அப்படியென்றால் கோபமே இல்லை, நீ கெட்டிக்காரன். நீயும் பழக்கத்தில் தட்டியிருந்தால் மட்டும் என்னிடம் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
இன்னும் திரும்பிப் பார்க்காமலே பந்து போடுகிறவன்