பூர்ணாவைப் பற்றி நான் எழுதிய ஆறு பக்கங்கள்

2006 ஜனவரி 18, புதன்

கொண்டாப்பூரிலிருந்து இரண்டு பஸ் மாறி செகந்திராபாத், பயிற்சிக்குப் போட்ட பள்ளிக்கூடம். ஏழாம் வகுப்புக்கு நாற்பத்தைந்து நிமிஷம் பின்னக் கணக்கு. மறுபடி இரண்டு பஸ். சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு இருபத்தெட்டு வயதில் பி.எட். சேர்ந்தவளுக்கு இதெல்லாம் வேண்டும்தான். ஏன் விட்டாய் என்று கணவன் ஷ்யாமின் ஆபீஸ் ஆட்கள் கேட்டால், "பிள்ளைங்களைப் புரிஞ்சுக்கறது பிடிக்கும்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமைக்குள் கேஸ் ஸ்டடி ரெக்கார்டு வந்தாக வேண்டும் என்றார் கல்லூரியில் ராகவேந்திரா சார். ஒரு மாணவியை ஒரு மாதம் கவனித்து, அவள் வீட்டுக்குப் போய் விசாரித்து, பிரச்சினை என்ன, காரணம் என்ன என்று எழுத வேண்டும். இந்த ஒரு மாதத்தில் நான் கவனித்தது வகுப்புக் கடிகாரத்தை மட்டும்தான்.

ஜனவரி 19

சீனியர் அனுபமா தன் பழைய ரெக்கார்டைக் கொடுத்தாள். "எல்லாரும் இதைத்தான் காப்பியடிக்கிறாங்க. யாரும் படிக்கிறதில்லை. பேரை மட்டும் மாத்து." வருஷா வருஷம் அதே அப்பா குடிக்கிறார், அதே அம்மா அழுகிறாள், அதே பிள்ளை டீச்சரின் அன்பால் திருந்துகிறது.

நிஜமான பெயரும் ரோல் நம்பரும் வேண்டுமே. பூர்ணா ஞாபகம் வந்தாள். தினமும் பத்து நிமிஷம் லேட்டாக வருகிறவள். நாலு தலைமுறையாக இந்த ஊரில் இருக்கும் தமிழ்க் குடும்பம், பேச்சில் ஊர் உருது கலந்துவிடும். முதல் நாளே வராந்தாவில் வந்து ஒட்டிக்கொண்டாள். "டீச்சர், நீங்களும் தமிழா? கிளாஸ்ல பேசுனா சிரிப்பாங்க, நக்கோ, வேணாம். இங்க பேசலாமா?" அதிலிருந்து தினமும் ஏதாவது பேசுவாள். ஏன் லேட் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

ஆறு பக்கம். இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டேன்.

ஜனவரி 27

இருபத்தைந்துக்கு இருபத்துமூன்று! "கூர்மையான கவனிப்பு" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார் சார். ஷ்யாம் பிரியாணி வாங்கித் தந்தான்.

ஜனவரி 31

ரெக்கார்டில் பள்ளிக்கூட முத்திரை வாங்கப் போனேன். தலைமையாசிரியை வசந்தி மேடம், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிற ரகமாம். ஆறு பக்கத்தையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்ம பூர்ணாவுக்கா? இத்தனை நாள் எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். கோப்பில் வைக்க ஒரு நகலும் எடுத்துக்கொண்டார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். "ஆமாம் மேடம்" என்றேன். ஆமாமாம்!

பிப்ரவரி 3

மேடம் நல்லவர். அதுதான் வினையாகிவிட்டது. பூர்ணாவைத் தனியாகக் கூப்பிட்டு, அப்பா குடித்துவிட்டு அடிக்கிறாரா என்று கேட்டிருக்கிறார். வகுப்பாசிரியையிடமும் சொல்லியிருக்கிறார். மத்தியானத்துக்குள் பிள்ளைகளுக்கே தெரிந்துவிட்டது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து தள்ளாடி நடந்து காட்டினாள். நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே துடைத்தேன்.

வராந்தாவுக்கு வந்தாள். "டீச்சர், எங்க அப்பாவைப் பத்தி யாரோ எழுதிக் குடுத்துட்டாங்களாம். கைக்கு, ஏன் டீச்சர்? நாங்க யாருக்கு என்ன பண்ணோம்?"

"தெரியலையேம்மா" என்றேன்.

பிப்ரவரி 6, திங்கள்

சனிக்கிழமையிலிருந்து பூர்ணா வரவில்லை. இன்று அவள் அப்பா வந்தார். தேவராஜ், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். இஸ்திரி போட்ட சட்டை. மேடம் அறைக்கும் ஆசிரியர் அறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான், எல்லாம் கேட்டது.

"நான் அதைத் தொட்டதே இல்லை மேடம். யாரு சொன்னாங்களோ கூப்பிடுங்க." மேடம் என் பெயரைச் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றுகிறாராம். தேவராஜ், "வேணும்னா ஊதிக் காட்டட்டுமா?" என்றார்.

பூர்ணாவின் அம்மா ஆஸ்பத்திரியில் ஆயா, விடிகாலையே கிளம்ப வேண்டுமாம். தங்கச்சியை இன்னொரு ஸ்கூலில் விட்டுவிட்டு பூர்ணா ஓடி வருகிறாள். அதுதான் லேட். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

ரெண்டே எட்டு, எழுந்து போயிருக்கணும். போகலை. ரெக்கார்டு செல்லாதுன்னா இந்த வருஷம் பாஸ் கிடையாது, ஜூன்ல வேலை தர்றேன்னு சொன்ன ஸ்கூலும் போயிடும். அதுக்குத்தான் பயந்தேன். ஒரு மனுஷன் வாயை ஊதிக் காட்டறேங்கறார், நான் மார்க்கை நினைச்சுக்கிட்டு நோட்டுத் திருத்திட்டு உட்கார்ந்திருக்கேன் — சீ.

பிப்ரவரி 7

வயிற்றுவலி என்று லீவு சொன்னேன். வயிறு நன்றாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 9

மேடத்திடமும் சாரிடமும் சொல்லிவிட்டேன். "பூர்ணாவோட அப்பாகிட்ட மட்டும் மன்னிப்புக் கேளேன், ரெக்கார்டை ஏன் இழுக்கறே?" என்றான் ஷ்யாம். ரெக்கார்டை விட்டுவிட்டு எதற்கு மன்னிப்புக் கேட்பது?

மேடம் கத்துவார் என்று நினைத்தேன். "அந்தப் பிள்ளைகிட்ட நான் என்னென்ன கேட்டேன் தெரியுமா?" என்றார். ராகவேந்திரா சார் இருபத்துமூன்றை அடித்தார். அடுத்த வருஷம் மறுபடி பயிற்சி, மறுபடி ரெக்கார்டு.

பிப்ரவரி 13

பூர்ணா இன்று வந்திருந்தாள். வகுப்பின் முன்னால் நின்று, அது நான் எழுதிய பொய், அவள் அப்பா மேல் ஒரு தப்பும் இல்லை என்றேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் என்னையே பார்த்தார்கள். மணி அடித்ததும் வராந்தாவில் காத்திருந்தேன். "பூர்ணா" என்றேன். நின்றாள். "எஸ், மிஸ்" என்றாள்.

மார்ச் 4, சனி

பொய்யைக் கோப்பிலிருந்து எடுத்தால் மட்டும் போதாது, அந்த இடத்தில் உண்மை இருக்க வேண்டும் என்றார் மேடம். அதனால் இன்று அவர்கள் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். வாசலில் நின்றே தேவராஜிடம் மன்னிப்புக் கேட்டேன். "உள்ள வாங்க டீச்சர்" என்றார். பூர்ணாவின் அம்மா டீ கொடுத்தார், முகம் கொடுக்கவில்லை. பூர்ணாவிடம் தமிழில் கேட்டதற்கெல்லாம் இங்கிலீஷில் பதில் வந்தது.

எழுதியதைப் படித்துக் காட்டினேன். காலையில் தங்கச்சியை விடுவது, கணக்கில் அவளுக்கு இருக்கும் வேகம், அப்பா அவளுக்குத் தலை பின்னி விடுவது. தேவராஜ் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"இதையும் யாராச்சும் படிப்பாங்களா டீச்சர்?"

"படிப்பாங்க."

"அப்போ, நான் குடிக்கமாட்டேன்னு அதுல எழுதிடுங்க."

அப்படி எழுதினால்தான் படிக்கிறவர்களுக்குச் சந்தேகமே வரும் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதினேன். பூர்ணா எட்டிப் பார்த்து, அந்த வரியை மட்டும் படித்தாள்.

"கரெக்ட், மிஸ்" என்றாள்.