ரீஃபில் குழாயில் போட்ட முடிச்சு

இன்று காலை மருமகள் கூடத்தில் உட்கார்ந்து நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த நெடி அடுப்படிவரை வந்தது. கரண்டியை வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் நாம் வேலை பார்த்த தகரக் கூரை ஷெட்டுக்குள் நுழைந்ததுபோல் இருந்தது. கட்டி முடித்த பூச்சியின் தலையில் ஊசி முனையால் வைப்போமே வார்னிஷ், அதற்கும் இதே நெடிதான். நீ போய் நாற்பது நாள் ஆகிறது. உன்னிடம் நான் ஒரு தடவைகூட வாய்விட்டு மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எண்பதுகளின் கடைசி அது. தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிப் பொய்ப் பூச்சி கட்டுவது நம் வேலை. வெளிநாட்டில் ஆற்று மீன் பிடிக்கிறவர்கள் புழுவுக்குப் பதிலாக இதை வீசுவார்களாம். சின்ன வைஸில் முள்ளை இறுக்கி, நூலை நெருக்கமாகச் சுற்றி, வாலுக்குச் சேவல் இறகில் நாலு இழை வைப்போம். மெழுகு தடவிய நூலில் முயல் ரோமத்தை முறுக்கிச் சுற்றினால் உடம்பு. கழுத்தில் சேவல் இறகு மூன்று சுற்று. அது சிலிர்த்து நின்றால்தான் பூச்சி மிதக்கும். கடைசியாக, நூலை இரண்டு விரலால் வளையமாக்கிச் சுழற்றித் தலையில் முடிச்சுப் போடவேண்டும்.

அந்த இரண்டு விரல்தான் உனக்கு இல்லை. பாடியில் தகடு வெட்டும் ஒரு பிரஸ் ஷாப்பில் மெஷின் எடுத்துக்கொண்டதாக, என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்த முதல் நாளே சொன்னாய். வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாய். இருவருக்கும் அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

சூப்பர்வைசர் உன் கையைப் பார்த்துவிட்டார். "இது உனக்கு ஆவாதும்மா. பெருக்குற வேல கீது, அதப் பாரு" என்றார்.

"ஒரு வாரம் டைம் குடு சார். ஆவலன்னா நானே தொடப்பத்த எடுத்துக்கிறேன்."

ஆறு நாளும் உனக்கு முடிச்சு நிற்கவில்லை. மோதிர விரலால் முயன்றாய், பல்லால் நூலைக் கடித்துப் பிடித்தாய். வளையம் நழுவி, இறகு பிரிந்து, மொத்தமும் உதிர்ந்தது. மறுநாள் பகலுக்குள் ஒரே மாதிரி பன்னிரண்டு பூச்சி கட்டிக் காட்டவேண்டும். எனக்குப் பொறுக்கவில்லை. ஏழாம் நாள் நீ தண்ணீர் குடிக்கப் போனபோது, நான் கட்டியதில் ஐந்தை எடுத்து உன் டப்பாவில் போட்டுவிட்டேன்.

நீ வந்து டப்பாவைப் பார்த்தாய். ஐந்தையும் பொறுக்கி என் மேசைமேல் வைத்தாய். சத்தம் போடவில்லை.

"மீன ஏமாத்தத்தான் இங்க சம்பளம். என்னையும் ஏமாத்தணுமாடி?"

அப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை. உன் பையிலிருந்து தீர்ந்துபோன பால்பாயிண்ட் ரீஃபில் ஒன்றை எடுத்தாய். முனையை வெட்டியிருந்தாய். அதன்மேல் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, குழாயின் வாயை முள்ளின் கண்ணில் வைத்து, வளையத்தை மெல்லத் தள்ளிவிட்டாய். முடிச்சு தலையில் போய் உட்கார்ந்தது. இன்னும் இரண்டு போட்டு இறுக்கினாய். முந்தின ராத்திரி வீட்டில் துடைப்பக் குச்சியில் பழகியதாகப் பிறகுதான் சொன்னாய்.

சூப்பர்வைசர் உன் பன்னிரண்டையும் நகத்தால் இழுத்துப் பார்த்தார். ஒன்றும் அவிழவில்லை. "சரி, உக்காரு" என்றார், அவ்வளவுதான். அடுத்த மாதம் நம் வரிசையில் பாதிப் பேர் கையில் ரீஃபில் இருந்தது.

என்னோடு நீ பேச ஒன்பது நாள் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் வந்து நின்றாய். "கொரட்டூர் ஏரிக்குப் போலாம் வா. நம்ம பூச்சிய மீன் நம்புதான்னு பாக்கணும்" என்றாய். கழிவில் போட்ட பூச்சி ஒன்றை மூங்கில் குச்சியில் நைலான் கட்டி வீசினாய். அது தண்ணீர்மேல் அழகாக உட்கார்ந்தது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. திடீரென ஒரு கெண்டை மேலே வந்து லபக்கென்று கவ்வி, உடனே துப்பிவிட்டுப் போனது. நீ குதித்துவிட்டாய்.

"துப்பிட்ச்சு, ஆனா நம்பிட்ச்சில்ல!"

கரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்கு நடுவில் நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். இனி எதற்கு என்று விட்டுவிட்டேன்.

நீ போவதற்குச் சில நாள் முன்பு உன்னைப் பார்க்க வந்தபோது, பக்கவாதம் வந்த கை கஞ்சி டம்ளரைத் தூக்க மறுத்தது. உன் மகள் ஓடி வந்தாள். நான்தான் அவளைத் தடுத்தேன். இரண்டு தடவை சிந்தியது. என் கைகளை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது தடவை நீ என்னைப் பார்த்தாய்.

"புடிடி" என்றாய்.

பிடித்தேன். உன் கையோடு சேர்த்துத்தான் பிடித்தேன். நீ குடித்து முடிக்கும்வரை அந்தக் கை என் கைக்குள் இருந்தது. இப்போதும் அதன் கனம் தெரிகிறது.