ராசியில்லாத கை

ஜூன் 4

அன்புள்ள அண்ணிக்கு,

ஆண்டவர் கிருபையால் உயிரோடு இருக்கிறேன். போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம். இடது கையால் எழுதுகிறேன். கோழிக் கிறுக்கலாகத் தெரிந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். மாடிப்படியில் வழுக்கி வலது கையை உடைத்துக்கொண்டேன். தோள்வரை மாவுக்கட்டு.

மகளுக்கு இந்த மாதக் கடைசியில் பிரசவம். மருமகன் கப்பலில் இருக்கிறான். பச்சைக்குழந்தையைக் குளிப்பாட்டப் பக்குவமான கை ஒன்று வேண்டும். அத்தையைக் கூப்பிடு என்று மகள்தான் சொன்னாள். பழையதை மனதில் வைக்காமல் வாருங்கள்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 11

நாத்தனாருக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை, விட்டுவிட்டேன்.

கை உடைந்ததற்கு வருத்தம்தான். ஆனால் பக்குவமான கை என்று எழுதினாயே, அதைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் மகளுடைய ஞானஸ்நானத்தன்று ஆலயத்துப் பின்னறையில் நடந்தது உனக்கு மறந்திருக்கலாம். எனக்கு அங்கே குழாய் சொட்டிய சத்தம்கூட மறக்கவில்லை. என் முதல் பிள்ளையை அடக்கம் பண்ணி வருஷம் திரும்பாத நேரம். உன் பிள்ளையை வாங்கக் கையை நீட்டினேன். உன் அம்மாவிடம் நீ சொன்னாய்:

"அண்ணி கையில குடுக்காதீங்கம்மா. அது ராசியில்லாத கை."

அவர் குழந்தையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மேஜைமேல் கிடந்த பூக்களை அடுக்கினேன். அடுக்க அங்கே ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருந்தன.

பிறகு எனக்கு மகன் பிறந்தான். அவனைக் குளிப்பாட்டவே பயந்து செத்தேன். பேரப்பிள்ளைகளை உட்காரப் பழகிய பிறகுதான் தூக்கினேன். வேறு ஆளைப் பார்.

உன் அண்ணன் மனைவி


ஜூன் 18

அன்புள்ள அண்ணிக்கு,

சத்தியமாக எனக்கு ஞாபகமே இல்லை. அப்படிச் சொல்லியிருந்தால் மன்னித்துவிடுங்கள். எனக்கு வாய் நீளம் என்று உங்களுக்குத் தெரியாதா?

உங்கள் கடிதத்தை மகள் படித்துவிட்டாள். அதிலிருந்து என்னோடு பேச்சில்லை. தொட்டியையும் துண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, அத்தை வராவிட்டால் நானே குளிப்பாட்டிக்கொள்கிறேன் என்று அடம்பிடிக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணி.

நாத்தனார்


ஜூன் 24

நாத்தனாருக்கு,

"சொல்லியிருந்தால்" என்ற இடத்தில் உன் கடிதத்தைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டேன். பிறகு எடுத்து நீவிவிட்டுத்தான் மீதியைப் படித்தேன். நீ சொன்னாய். அதில் "இருந்தால்" எல்லாம் கிடையாது.

ஒன்று கேள். அந்த நாளிலிருந்து ஆலயத்தில் எல்லோரும் பரமண்டல ஜெபம் சொல்லும்போது, மற்றவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல என்று வரும் இடத்தில் நான் வாயை மூடிக்கொள்வேன். கர்த்தர் சந்நிதியில் பொய் சொல்ல முடியுமா? பக்கத்தில் உட்காரும் தையற்காரம்மா, கிழவிக்கு மறந்துபோகிறது என்று நினைத்து அந்த வரியை மட்டும் என் காதுப்பக்கம் உரக்கச் சொல்வாள்.

இந்த ஞாயிறும் சொன்னாள். நாத்தனார் முதலில் ஒழுங்காக மன்னிப்புக் கேட்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நின்றபோதே உறைத்தது. நான் மட்டும் ஒவ்வொன்றையும் ஒழுங்காகக் கேட்டா ஆண்டவரிடம் மன்னிப்பு வாங்கினேன்? கேட்க எனக்குத் தோன்றாததையும் சேர்த்துத்தானே மன்னித்தார். அந்த வரியைச் சொன்னேன். சத்தம் வரவில்லை, உதடு அசைந்தது. தையற்காரம்மா என் தொடையைத் தட்டி, "ஞாபகம் வந்துடுச்சா?" என்றாள்.

நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. எனக்கு மறக்க வராது. ஆனால் இனி அதை எடுத்து உன்மேல் வீச மாட்டேன்.

வியாழக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டேன், மோதிரத்தையும் கழற்றிவிட்டேன். பிள்ளை பிறந்ததும் நான் கையை நீட்டுவேன். அந்த நேரம் மட்டும் நீ வாயைத் திறக்காதே.

அன்புள்ள
அண்ணி