‘என் அப்பா’ கட்டுரைக்குப் பூச்சியம்

லா சப்பல்
12.03.2025

அன்புள்ள கமலராணி,

சுகம்தானே? மூன்று தடவை அழைத்தேன், நீ எடுக்கவில்லை. அதனால் உன் மகள் லக்சனாவின் தமிழ்க் கொப்பிக்குள் இதை வைத்து அனுப்புகிறேன்.

‘என் அப்பா’ என்று என் வகுப்பில் அவள் தந்த கட்டுரை ஏஐ எழுதியது. கேட்டேன், ஒப்புக்கொண்டாள். அப்பா கால்வாய்க் கரையில் சைக்கிள் பழக்கினாராம். அவள் அப்பா தர்மராசா இறந்தபோது அவளுக்கு ஒன்றரை வயது. செத்தவீட்டில் அவளை மடியில் வைத்திருந்தவள் நான். எனக்கே இப்படி எழுதித் தருவதா? பூச்சியம் போட்டுவிட்டேன். இந்தப் புள்ளியோடு அவள் ஆண்டிறுதிச் சோதனை எழுத முடியாது. கோபிக்காதே, களவு களவுதான்.

அன்புடன்,
சுகிர்தம் அக்கா

வில்லியே லே பெல்
15.03.2025

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

எனக்குக் கோபம்தான்.

போன வருடப் பேச்சுப்போட்டியில் லக்சனா முதற்பரிசு எடுத்தாளே, அந்தப் பேச்சை எழுதியது நான். திருத்தித் தந்தது நீங்கள். பிறகு நடுவர் மேசையில் இருந்து கைதட்டியதும் நீங்கள்தான். உங்கள் வகுப்பில் எந்தப் பிள்ளை தன் பேச்சைத் தானே எழுதியது? தாய் எழுதினால் தமிழ்ப்பற்று, மெஷின் எழுதினால் களவா?

லக்சனாவை அடிக்கக் கை ஓங்கினேன். “உங்களைக் கேட்டா அழுவீங்கள் அம்மா. அதாலை அந்த ஏஐயிட்டைக் கேட்டன், அப்பாமார் என்ன செய்வினம் எண்டு” என்றாள்.

அவள் இனி வகுப்புக்கு வரமாட்டாள்.

த. கமலராணி

லா சப்பல்
19.03.2025

அன்புள்ள கமலராணி,

நீ கேட்டது நியாயம்தான். அந்தப் பேச்சைத் திருத்தியது நான்தான் என்று தமிழ்ப் பள்ளி நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி நடுவராக இருக்கமாட்டேன். கட்டுரைத் தலைப்பைக் கொடுத்தபோது அப்பா இல்லாத பிள்ளையை நினைக்கவில்லை, அதுவும் என் பிழை.

ஆனால் பூச்சியத்தை எடுக்கமாட்டேன். அந்தக் கட்டுரையில் இருப்பது தர்மராசா இல்லை. அவரைப் பற்றி ஏதாவது ஒன்று அவளுக்குச் சொல்லு. அவளே எழுதட்டும். அடுத்த புதனுக்குள் தந்தால் புதிதாகப் புள்ளி போடுகிறேன்.

உன் அக்கா,
சுகிர்தம்

வில்லியே லே பெல்
23.03.2025

அன்புள்ள சுகிர்தம் அக்கா,

சொன்னேன். அவளுடைய முதலாவது பிறந்தநாளுக்கு லா சப்பலில் கேக் வாங்கிய மனுசன் ரயிலில் நித்திரையாகி, இஞ்சை வில்லியே லே பெல்லில் இறங்காமல் கடைசி ஸ்ரேசன் வரைக்கும் போய்த் திரும்பினார். கேக் நசிந்துவிட்டது, வந்த ஆட்களும் போய்விட்டார்கள். நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் சிரித்துக்கொண்டு பெட்டியில் ஒட்டிய கிரீமை வழித்துப் பிள்ளைக்குத் தீத்தினார். ஆறு மாதத்தில் ஆளே இல்லை. அந்த ஏச்சை நினைத்துத்தான் இவ்வளவு காலமும் அவரைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

லக்சனா சிரித்தாள், பிறகு அழுதாள். ஒன்றரைப் பக்கம் எழுதினாள். எழுத்துப்பிழை கனக்க. ஒன்றையும் நான் திருத்தவில்லை.

அதை உங்களுக்கு அனுப்பமாட்டேன் அக்கா. அவள் அதைப் புள்ளிக்கு எழுதவில்லை. சோதனையை அடுத்த வருடம் எழுதட்டும். புதன்கிழமை வகுப்புக்கு வருவாள்.

பூச்சியத்தை அப்படியே விடுங்கள்.

கமலராணி