ஒரே மாதிரிக் கதவுகள்

ஜூலை 7, ஞாயிறு

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், இன்றைக்கும் வீடு மாறிப் போய்விட்டேன். மார்க்கெட்டிலிருந்து வந்து கதவைத் தள்ளினேன். அடுப்பில் குழம்பு. படுத்திருந்த மோசஸை உலுக்கினேன்: "கொயம்பு வழியுது, நல்லா தூங்குய்யா!" போர்வையை விலக்கியது என் வீட்டுக்காரர் இல்லை, பக்கத்து வீட்டுக் காத்தவராயன். அவர் சம்சாரம் பாப்பம்மா சிரித்தது கோலார் தங்கவயலில் எங்கள் சாம்பியன் ரீப்ஸ் முழுக்கக் கேட்டிருக்கும். சுரங்கத்து ஆட்களுக்கு வெள்ளைக்காரன் வரிசையாகக் கட்டின லைன் வீடு, எல்லாம் ஒரே அச்சு. என் தப்பா?

லீவுக்கு வந்திருக்கும் மகள் நேத்ரா மட்டும் சிரிக்கவில்லை. பெங்களூரில் பிசிக்ஸ் ஆராய்ச்சி. வெள்ளிக்கிழமை பெரிய பெரிய ஆட்கள் முன்னால் ஐந்து வருஷ வேலையைச் சொல்ல வேண்டும். தேறினால்தான் டாக்டர் பட்டம். "எங்க ஆரம்பிக்கறதுனே தெரியலம்மா."

ஜூலை 8

"என்கிட்ட சொல்லு. ஆறாவதோட நின்னவ எனக்கே புரிஞ்சா, அவங்களுக்குப் புரியாதா?"

சொன்னாள். எலக்ட்ரான் பெர்மியான் ஜாதியாம், ஒரு இடத்தில் இரண்டு உட்காராது. நெருக்கியடித்துக் கூடினால் கணக்குப் போட முடியாது. அதனால் வேறொரு உலகத்தைக் கற்பனை செய்கிறார்கள். அதற்கு ஆழம் ஒன்று கூடுதல், அடியில் கருந்துளை. உள்ளே போட்ட கணக்கு மேல் விளிம்பில் எலக்ட்ரான் கதையாகத் தெரியுமாம். நம் காலடியிலும் பழைய சுரங்கம் தண்ணீரும் இருட்டுமாகக் கிடக்கிறது, மேலே நாம் துணி காயப்போடுகிறோம் — அப்படியா என்று கேட்டேன். "கிட்டத்தட்ட" என்றாள். அப்புறம் வெகுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 9

இன்றைக்குப் படம் போட்டுக் காட்டினாள். எல்லா இடமும் ஒன்று போலிருந்தால் எலக்ட்ரானை நிறுத்த ஆளில்லையாம். வரிசையாக மேடு பள்ளம் வைத்தால், அது இருப்பதைக் காட்ட அவள் போட்ட கோடு அங்கங்கே அறுந்துபோகிறது. இன்னும் கூட்டினால் அந்தத் திசையில் கோடே மங்கிவிடுகிறது.

"நம்ம லைன்தான்டி! எல்லாம் ஒன்னா இருந்தா நான் பாட்டுக்குப் போய்க்கினே இருப்பேன். ஒன்னு வுட்டு ஒன்னு கதவுக்கு நீலம் அடிச்சா நின்னுடுவேன்."

பென்சிலைக் கீழே வைத்தாள். "இன்னொரு தபா சொல்லும்மா."

ஜூலை 10

நேத்ராவை பெங்களூர் ரயில் ஏற்றிவிட்டு, ராபர்ட்சன்பேட்டைக் கடையில் நீலப் பெயிண்ட் வாங்கி எங்கள் கதவுக்கு அடித்தேன். மீதியைப் பாப்பம்மா கேட்டாள். ஜன்னலுக்காம்.

ஜூலை 12, வெள்ளி

நாலு மணிக்கு போன். "உன் கதையிலதான் ஆரம்பிச்சேன். காத்தவராயன் மாமாவை எழுப்புனது வரைக்கும்."

"அய்யய்யோ! இன்னா சொன்னாங்க?"

"சிரிச்சாங்க. அப்புறம் ரெண்டு மணி நேரம் கேள்வி." "தேறிட்டேன்மா."

போனைக் கையில் பிடித்தபடியே பாப்பம்மா வீட்டுக்கு ஓடினேன்.

ஜூலை 14, ஞாயிறு

டாக்டர் நேத்ரா வருகிறாளென்று கறி வாங்கினேன். நீலக் கதவைத் திறந்து உள்ளே போனேன். கறியைக் கழுவி மசாலா தடவினேன். கட்டிலில் இருந்தவரிடம் "தள்ளிப் படு" என்றேன். காத்தவராயன் தள்ளிப் படுத்தார். ஜன்னலுக்குப் போக மீந்ததைப் பாப்பம்மா கதவுக்கு அடித்திருக்கிறாள்.