நாக்கில்லாத மணி

நாள் 19. காலை 7.10

மூக்குத்திக் கோள், கொம்புமலை, இடிந்த கோயில். குளிர், பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டு. காற்று அமைதி. ரேடியோ சரி. சாப்பாடு ஆறு நாளைக்குத் தாங்கும்.

எழுதுபவள் சொர்ணத்தாய். பழம்பொருள் வாங்கி விற்பவள். ஆராய்ச்சிக்காரி இல்லை. அலுமினியப் பாத்திரத்தைத் தலையில் சுமந்து தெருத்தெருவாகக் கூவி விற்று, பிறகு கப்பல் பிடித்தவள். பொருளைப் பார்த்தால் அது விலை போகுமா என்று சொல்வேன். வரலாறு கேட்காதீர்கள்.

நேற்று மணியை இறக்கிவிட்டோம். ஆள் உயரம். கருவறையில் தோல் சுற்றிக் கல்லுக்கடியில் புதைத்து வைத்திருந்தார்கள். நாக்கைக் கழற்றியிருந்தார்கள். நாக்கில்லாத மணியை எவன் வாங்குவான்? பழைய பம்புத் தண்டை அறுத்து நானே ஒன்று செய்து மாட்டினேன். அடித்துப் பார்க்க நேரமில்லை. தம்பி சண்முகக்கனி மணியோடு கம்பிவண்டியில் முகாமுக்குப் போய்விட்டான். அங்கே அவனோடு நாற்பத்தோரு பேர், குழந்தை குட்டிகளோடு. சுவர்ச் சிற்பங்களைப் படம் பிடித்துவிட்டு நாளை நானும் இறங்குவேன்.

நாள் 19. காலை 11.40

பனிமூட்டம் ஏறிவிட்டது. கம்பிவண்டியின் கம்பி அறுந்தது. அறுந்த வேகத்தில் ரேடியோ கம்பத்தையும் பிடுங்கிக்கொண்டு போனது. இடுப்பில் இருக்கும் சின்னப் பெட்டியில் கேட்க முடிகிறது. பேச முடியவில்லை.

கீழிருந்து சண்முகம்: "அக்கா, கம்பி இங்க வந்து விழுந்துட்டு. நல்லாருக்கியா? ஏன் பேச மாட்டேங்க? கோவமா?"

பின்னால் சமையல்கார உலகம்மை: "ரேடியோதான் தம்பி கெட்டிருக்கும். முதலாளியம்மா வாய் கெட வழியே இல்ல."

சிரித்துவிட்டேன். பழைய படிக்கட்டு வழி பதினான்கு மணி நேரம், பாதிக்கு மேல் பள்ளத்தின் விளிம்பு. மூட்டத்தில் இறங்குவது மடத்தனம். காத்திருக்கிறேன்.

நாள் 20. காலை 9.05

வேறு வேலை இல்லாததால் சுவரைப் படித்தேன். எழுத்து இல்லை, படம் மட்டும். எனக்கே புரிகிற மாதிரிதான் செதுக்கியிருக்கிறார்கள்.

முதல் வரிசை: மலை. சரிவுக்கு ஒதுங்கிய தோளில் கோயில். தினம் காலையில் ஒருவன் மணி அடிக்கிறான். சல்லடையில் மாவு போல மேலிருந்து கொஞ்சம் பனி இறங்குகிறது. கீழே ஊர் தன் பாட்டுக்கு இருக்கிறது. இந்தக் கோளின் பனி ஒட்டாது. பச்சரிசி மாவு போலக் குவிந்து நிற்கும். அந்த மணியின் அதிர்வுதான் அதைச் சரிய வைக்கிறது. பூஜை என்று நினைத்தேன். பூஜை இல்லை, பெருக்கும் வேலை.

இரண்டாம் வரிசை: கிரீடக்காரன் ஒருவன் மணியைத் தன் அரண்மனைக்குக் கொண்டுபோகிறான். அடுத்தடுத்த படங்களில் மலை கொழுத்துக்கொண்டே போகிறது.

மூன்றாம் வரிசை: மணி திரும்பி வருகிறது. மாலை, மேளம், கூட்டம். அடிக்கிறார்கள். அடுத்த படத்தில் மலை ஒல்லியாக இருக்கிறது. ஊர் இல்லை.

கடைசிப் படத்தில் நாலு பேர் மணியின் நாக்கைக் கழற்றுகிறார்கள். அதற்குப் பிறகு வெறும் சுவர்.

வெளியே ஓடினேன். மூட்டம் ஒரு நிமிடம் விலகியது. மேலே சரிவில் எத்தனை நூறு வருடப் பனியோ, தொந்தி மாதிரி தொங்குகிறது. அதற்கு நேர் கீழே எங்கள் முகாம். தட்டையான இடம், தண்ணீர் பக்கம் என்று நான்தான் தேர்ந்தெடுத்தேன். அந்த ஊர்க்காரர்களும் அப்படித்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள்.

மணி மரப்பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டிக்குள் இருக்கும்வரை பயமில்லை.

நாள் 20. பகல் 1.20

சண்முகம்: "அக்கா, கேக்குதோ இல்லையோ சொல்லுதேன். மூட்டத்துல திசை தப்பி இறங்கிராத. மணியப் பெட்டியிலருந்து எடுத்துச் சாரத்துல தொங்க விட்டுருக்கோம். நாளைக்குக் காலையில அடிப்போம். சத்தத்தப் பிடிச்சு வா."

பேச முடியாத பெட்டியில் தொண்டை கிழியக் கத்தினேன். உடைந்த கம்பத்தில் கம்பியைச் சுற்றிப் பார்த்தேன். மூன்று முறை. ஒன்றும் போகவில்லை.

என்னிடம் ஒரே ஒரு சிவப்பு வாணம். எங்கள் ஆட்களிடம் சிவப்பு என்றால் இடத்தைக் காலி செய் என்று அர்த்தம். விடுகிறேன்.

நாள் 20. பகல் 2.05

விட்டேன். மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு மேலே போய் எரிந்தது. பார்த்துவிட்டார்கள்.

சண்முகம்: "சிவப்பு தெரியுது! எங்கக்கா உசுரோட இருக்கா! அங்கன இடத்தக் காலி பண்ணுதா போல, ஆபத்துல கெடக்கா! ஏலே, நாளைக்கு வரைக்கும் எதுக்கு? இப்பமே அடிப்போம், கயித்தக் கட்டுங்க!"

உலகம்மை: "நானும் ஒரு கை பிடிக்கேன். அந்தம்மா வந்து என்னைய நாலு ஏச்சு ஏசட்டும். நேத்துலருந்து காது சும்மா கெடக்கு."

கூடாரத்தைக் கொளுத்தினேன். பெட்டிகளை, வைக்கோலை, என் மேல்கோட்டை. மூட்டம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. கல்லை உருட்டிவிட்டேன். பனியில் சத்தமில்லாமல் புதைந்தது.

கோயில் ஒதுக்குப்புறம். எனக்கு ஒன்றும் ஆகாது.

நாள் 20. பகல் 2.31

முதல் அடி. கல் தரை உள்ளங்காலில் அதிர்கிறது. இவ்வளவு நல்ல நாதம் நான் கேட்டதில்லை. மேலே மூட்டம் விலகியிருக்கிறது, சரிவில் ஒன்றும் அசையவில்லை.

இரண்டு. மூன்று.

சண்முகம்: "அக்கா, கேக்குதா? கேட்டுச்சுன்னா இன்னொரு வாணம் விடு. நீ விடுத வரைக்கும் நிறுத்த மாட்டோம்."

வாணம் இல்லை. கனி, வாணம் இல்லையடா.

நாலு. மேலே ஒரு கோடு. தலைமுடி அளவு.

ஐந்து. குழந்தைகளும் கயிற்றைப் பிடிக்கிறார்கள், எண்ணுவது கேட்கிறது.

ஆறு. கோடு அகலமாகி

கேட்கிறது கனி. நன்றாகக் கேட்கிறது. போதும். நிறு